வண்டல் ஃபில்டர்: தொட்டிக்கு முன்னாலா, பின்னாலா?

புதுக்குழாய் | ஜூன் 3, காலை 7:40

மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் மெயின் லைனில் 10 இஞ்ச் ஸ்லிம் ஹவுசிங் (ஒல்லியான ஃபில்டர் கூடு), உள்ளே 5 மைக்ரான் ஸ்பன் கார்ட்ரிட்ஜ் (பிளாஸ்டிக் இழையைச் சுற்றிச் செய்த வடிகட்டி உருளை; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). மாட்டிய புதிதில் சரியாக இருந்தது. இப்போது ஷவர் சொட்டுகிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு ஹவுசிங்கை மட்டும் மாட்டினால் பழைய வேகம். போர்வெல் தண்ணீர், 1 எச்.பி. சப்மெர்சிபிள். தொட்டி நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் 4 மீட்டர் உயர வித்தியாசம். 5 ரொம்பப் பொடி, 20 மைக்ரானுக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மோட்டார்ரூம் | ஜூன் 3, காலை 8:15

மறுக்கிறேன். குறை மைக்ரானில் இல்லை, மாட்டிய இடத்தில்.

ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் 0.1 பார். உங்கள் ஷவருக்கு மொத்தமாகக் கிடைப்பதே 0.4 பார். அதில் குழாயும் எல்போவும் வால்வும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் ஃபில்டருக்கு. "அழுத்த இழப்பு 0.7 பார் கூடினால் மாற்றவும்" என்று கார்ட்ரிட்ஜ் உறையில் போட்டிருப்பது பம்ப் தள்ளுகிற லைனை நினைத்து எழுதியது. உங்களிடம் 0.7 என்பதே கிடையாது. கார்ட்ரிட்ஜில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். 20 மைக்ரான் போட்டால் நிற்கும் நாள் தள்ளிப்போகும், நிற்பது நிற்கும்.

பம்பிலிருந்து தொட்டிக்கு ஏறும் லைனில் மாட்டுங்கள்.

ஓரிங் | ஜூன் 3, காலை 9:02

தள்ள ஆள் இருக்கிற பக்கம் ஃபில்டர், தானா விழுற பக்கம் வெறும் குழாய். இவ்வளவுதான் விஷயம், இந்த விவாத இழையைப் பூட்டிடலாம்.

பூட்ட மாட்டாங்கன்னு தெரியும், அதனால ஒண்ணு சொல்லிடறேன். அதே ஸ்லிம் ஹவுசிங்கக் கழட்டி ஏத்து லைன்ல மாட்டிடாதீங்க. 10 இஞ்ச் ஸ்லிம் நிமிஷத்துக்கு 10, மிஞ்சினா 15 லிட்டருக்குத்தான் தாங்கும். 1 எச்.பி. மோட்டார் அதைவிட நிறையத் தள்ளும். முதல்ல அளந்து பாருங்க: தொட்டி வாய்ல 20 லிட்டர் பக்கெட்டப் பிடிச்சு நிரம்ப எத்தனை செகண்டுன்னு எடுங்க. கேட்லாக்ல போட்டிருக்கிற லிட்டரை நம்பாதீங்க, அது அவங்க ஊகிச்ச ஆழத்துக்கு.

உங்களுக்கு வேணும்கிறது 20 இஞ்ச் ஜம்போ, அதாவது 20 இஞ்ச் நீளம், 4.5 இஞ்ச் விட்டம். நீளம் ரெண்டு மடங்கு, விட்டம் 1.8 மடங்கு. வெளிப்பரப்பு ஸ்லிம்மைவிட 3.6 மடங்கு. ஸ்பன்னுக்கு அழுக்கு பிடிக்கிற இடம் பரப்பு இல்ல, பருமன். அந்தக் கணக்குல ஏழு மடங்கு தாண்டும்.

மோட்டார்ரூம் | ஜூன் 3, முற்பகல் 11:30

அளவோடு இன்னொன்றையும் பாருங்கள். சப்மெர்சிபிள் பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள அதிகபட்ச ஹெட் (தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம்) எவ்வளவு? 80 மீட்டர் என்றால் 8 பார். ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டால் பம்ப் அந்த அழுத்தத்தை அப்படியே ஹவுசிங்கின் மேல் ஏற்றும். பல ஜம்போ ஹவுசிங்குகளில் 125 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும், அது சுமார் 8.6 பார். புதிதாக இருக்கும்போது தாங்கும். நாள் முழுக்க அழுத்தம் ஏறி இறங்கிக் களைத்த பிளாஸ்டிக் தாங்காது. ஹவுசிங்கின் கீழ்ப்பாகமான கிண்ணத்தின் அடியில் விரிசல் விட்டு ஒரே வீச்சில் தெறிக்கும்.

நூறுமைக்ரான் | ஜூன் 3, பிற்பகல் 2:10

கணக்கில் ஒரு கழித்தல் விட்டுப்போயிருக்கிறது. பம்ப் கிணற்றுக்குள் இருக்கிறது, ஃபில்டர் தரையில். போர்வெல்லில் நீர்மட்டம் 30 மீட்டர் கீழே என்றால் 80 இல் 30 போக, தரையில் வருவது 5 பார். பயமுறுத்த வேண்டாம்.

மோட்டார்ரூம் | ஜூன் 3, பிற்பகல் 2:25

கழித்தல் சரி. ஆனால் எந்த நீர்மட்டத்தைக் கழிப்பது? மழைக்குப் பிறகு அதே போர்வெல்லில் 10 மீட்டரில் தண்ணீர் நிற்கும், அப்போது 7 பார். ஆண்டில் எப்போது தண்ணீர் மிக மேலே இருக்கிறதோ அந்த ஆழத்தைத்தான் கழிக்க வேண்டும்.

புதுக்குழாய் | ஜூன் 4, காலை 6:55

அளந்தாயிற்று. 20 லிட்டர் நிரம்ப 28 நொடி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 43 லிட்டர். பெயர்ப்பலகையில் அதிகபட்ச ஹெட் 60 மீட்டர். நீர்மட்டம் மேலே வரும்போது 25 மீட்டர். அப்படியென்றால் 3.5 பார். ஜம்போவுக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மோட்டார்ரூம் | ஜூன் 4, காலை 7:20

ஹவுசிங்குக்கு ஆபத்தில்லை. பம்புக்கு உண்டு. வெளியேற வழியில்லாமல் ஓடும் பம்பைச் சுற்றியுள்ள தண்ணீர் நகராது. சப்மெர்சிபிள் மோட்டார் குளிர்வதே அந்த ஓட்டத்தால்தான். 3 பாரில் திறக்கும் ரிலீஃப் வால்வு ஒன்றை, ஃபில்டரின் உள்வாயில் வால்வுக்கும் முன்னால், பம்ப் பக்கமாக டீ (மூவழி இணைப்பு) போட்டு மாட்டுங்கள். வால்வுக்குப் பின்னால் மாட்டினால் வால்வை மூடிய நேரத்தில் அது இருந்தும் இல்லாததுதான். வெளியேறும் தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில் விழ வேண்டும். அது கொட்டினால் கார்ட்ரிட்ஜ் முடிந்தது என்று பொருள்.

அடிக்கசடு | ஜூன் 4, காலை 10:05

எல்லோரும் ஹவுசிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரில் இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு கண்ணாடி ஜாடியில் 20 செ.மீ. உயரத்துக்கு, மோட்டார் போட்ட முதல் நிமிடத் தண்ணீரைப் பிடியுங்கள். இன்னொன்றில் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடியுங்கள். அசைக்காமல் வையுங்கள். 100 மைக்ரான் மணல் அரை நிமிடத்துக்குள் அடிக்குப் போய்விடும். 10 மைக்ரான் வண்டலுக்கு சுமார் 40 நிமிடம். 1 மைக்ரான் களிமண்ணுக்கு இரண்டரை நாள். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகும், அதுதான் காரணம்.

மணல் மட்டும் என்றால் கம்பிவலை போதும். ஒரு மணி நேரத்தில் படிகிற வண்டல் என்றால் 20 மைக்ரான் ஸ்பன் அல்லது மடிப்புக் கார்ட்ரிட்ஜ். ஒரு நாள் கழித்தும் கலங்கலாகவே இருந்தால் அது களிமண். அதை 5 மைக்ரானும் முழுதாகப் பிடிக்காது, 1 மைக்ரான் போட்டால் வாரம் ஒரு கார்ட்ரிட்ஜ் போகும். அங்கே படிகாரம்தான் வழி. 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால், அந்தக் கரைசல் 1 மி.லி. ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் கொடுக்கும். 1, 2, 3, 5 மி.லி. என்று தனித்தனி ஜாடிகளில் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, எந்த ஜாடி முதலில் தெளிகிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கு மேல் போடுவது வீண்.

நூறுமைக்ரான் | ஜூன் 4, மாலை 5:40

மணல் வருகிற போர்வெல்லில் கார்ட்ரிட்ஜை முதலில் வைப்பது பணத்தைக் குழாயில் விடுவது. ஸ்பின்-டவுன் (தண்ணீரைச் சுழற்றி மணலை அடியில் இறக்கும்) வலை ஃபில்டர் முன்னால், கார்ட்ரிட்ஜ் பின்னால்.

கடையில் சிலர் மெஷ் என்பார்கள், சிலர் மைக்ரான் என்பார்கள். 60 மெஷ் 250 மைக்ரான், 100 மெஷ் 150, 200 மெஷ் 75. மெஷ் எண் கூடினால் துளை சிறுக்கும். 100 மெஷ் வாங்கிவிட்டு 100 மைக்ரான் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

கார்ட்ரிட்ஜில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். "நாமினல் 5 மைக்ரான்" என்றால் அந்த அளவுத் துகளில் பெரும்பகுதியைப் பிடிக்கும் என்றுதான் அர்த்தம். எவ்வளவு என்பது தயாரிப்பாளர் விருப்பம், 85 சதவீதத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. "அப்சொல்யூட்" என்று எழுதியிருந்தால்தான் 99க்கு மேல். வீட்டு மெயின் லைனுக்கு நாமினல் போதும். சண்டை போடவேண்டிய இடம் அது இல்லை.

ஓரிங் | ஜூன் 4, மாலை 6:15

ஸ்பின்-டவுன் வாங்கி தொட்டிக்குக் கீழ மாட்டிட்டு "சுழலவே இல்ல"ன்னு வருவாங்க, அவங்களுக்கும் சேர்த்து: 0.4 பார்ல எதுவும் சுழலாது. அடி வால்வத் திறந்தா கசடு வழிஞ்சு வரும், வலைல ஒட்டினது ஒட்டினபடியே இருக்கும். ஒரு பாராவது இருந்தாத்தான் அடிச்சுக் கழுவும். மோட்டார் ஓடும்போது 5, 10 செகண்ட் திறந்து மூடணும். வடிகால் வாய்ல குழாய் மாட்டி வெளிய விடுங்க, இல்லன்னா கழுவுறவர்தான் குளிப்பார்.

புதுக்குழாய் | ஜூன் 5, காலை 8:30

ஜாடி முடிவு. முதல் நிமிடத் தண்ணீரில் மணல் உடனே படிந்தது, அடியில் 1 மி.மீ. இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பிடித்ததில் மணல் ஏறக்குறைய இல்லை, ஒரு மணி நேரத்தில் மெல்லிய வண்டல். இரண்டுமே மேலே தெளிவு. ஆனால் இன்று காலை பார்த்தால் இரண்டாவது ஜாடியில் பழுப்பு நிறம், சுவரில் ஒரு படலம். நேற்று இது இல்லை.

அடிக்கசடு | ஜூன் 5, காலை 8:50

இரும்பு. மேலே நடந்த பாதிப் பேச்சை இப்போது திருத்த வேண்டும்.

நிலத்தடியில் காற்று படாத தண்ணீரில் இரும்பு கரைந்த நிலையில் வரும், கண்ணுக்குத் தெரியாது. கரைந்ததை எந்த வண்டல் ஃபில்டரும் பிடிக்காது. 5, 1, அப்சொல்யூட் எல்லாம் ஒன்றுதான். ஏற்று லைனில் மாட்டிய ஃபில்டரைத் தாண்டித் தொட்டிக்குள் விழும்போது காற்று பட்டுத் துருவாக மாறும். அதாவது ஃபில்டருக்குப் பிறகுதான் வண்டலே பிறக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை தெரியும்.

உங்கள் ஸ்லிம் கார்ட்ரிட்ஜ் அடைத்ததும் பெரும்பாலும் இதனால்தான். வெட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் மணல் நிறத்தில் இருந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் மண். ஆழம் வரை ஆரஞ்சாகவும் கையில் வழுவழுப்பாகவும் இருந்தால் இரும்பு, கூடவே இரும்பு பாக்டீரியா.

மோட்டார்ரூம் | ஜூன் 5, முற்பகல் 11:10

அப்படியானால் ஏற்று லைன் ஃபில்டர் மணலுக்கும் வண்டலுக்கும். இரும்புக்குத் தொட்டியே ஃபில்டர். தொட்டிக்குக் கீழே மட்டும் எதையும் நுணுக்கமாகப் போடாதீர்கள் என்பதில் மாற்றமில்லை.

தொட்டியில் செய்ய வேண்டியவை. தண்ணீர் ஒரே தாரையாக விழக் கூடாது. உள்ளே கிடைமட்டமாக ஒரு குழாய், முனை மூடி, கீழ்ப்பக்கம் 4 மி.மீ. துளைகள். 25 மி.மீ. உள்விட்டக் குழாய்க்கு 40 துளைக்குக் குறையாமல் போட்டால்தான் துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்புக்குச் சமமாகும், பம்ப் திணறாது. வெளிச்செல்லும் நிப்பிள் (குட்டைக் குழாய்) அடியிலிருந்து 10 செ.மீ. மேலே. ஆக அடியில் தனியாக ஒரு கசடு வால்வு. பல தொட்டிகளில் ஒரே துளையை அடியில் போட்டு அதிலிருந்தே வீட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். படிந்ததெல்லாம் நேராக ஷவருக்கு வரும்.

நூறுமைக்ரான் | ஜூன் 5, பகல் 12:30

பொழியவும் வேண்டும், படியவும் வேண்டும் என்கிறீர்கள். மேலிருந்து பொழிந்தால் அடியில் படிந்தது கலங்காதா?

மோட்டார்ரூம் | ஜூன் 5, பகல் 12:45

தாரை கலக்கும், துளி கலக்காது. துளியின் வேகம் நீர்ப்பரப்பிலேயே செத்துவிடும். ஆனால் கால் தொட்டி தண்ணீர் இருக்கும்போது மோட்டார் போட்டால் கலக்கும்தான். பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். இரவில் நிரப்பிவிட்டால் இன்னும் நல்லது: ஒரு மீட்டர் ஆழத்தில் 10 மைக்ரான் மண் அடிக்குப் போக 3 மணி நேரம் போதும்.

அடிக்கசடு | ஜூன் 5, மாலை 4:20

துருவாக மாறும் வேகம் தண்ணீரின் பி.எச். அளவைப் பொறுத்தது. 7.5க்கு மேல் என்றால் சில நிமிடங்களில் மாறும். 7க்குக் கீழே என்றால் மணிக்கணக்கில் இழுக்கும், அப்போது தொட்டியைத் தாண்டிக் குழாய்க்குள் போய் மாறும். காற்றுக்குப் பஞ்சமில்லை: 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும், நன்றாகக் காற்று பட்ட தண்ணீரில் 8 வரை இருக்கும்.

பி.எச். குறைவாக இருந்து இரும்பும் நிறைய இருந்தால் வண்டல் ஃபில்டரில் தலையை முட்டிக்கொள்வதை விட்டுவிட்டு இரும்புக்கென்றே உள்ள ஊடக ஃபில்டருக்கு (இரும்பைப் பிடிக்கும் துகள்கள் நிரப்பியது) போக வேண்டும். அதற்குத் தனி இழை திறங்கள்.

மோட்டார்ரூம் | ஜூன் 6, காலை 7:00

ஏற்று லைனில் பொருத்தும் வரிசை, புதுக்குழாய்க்காக ஒரே இடத்தில்.

பம்பிலிருந்து வரும்போது: ரிலீஃப் வால்வு டீ, பைபாஸ் (ஃபில்டரைச் சுற்றிப் போகும் தனி லைன்) டீ, பால் வால்வு 1, ஸ்பின்-டவுன் 100 மைக்ரான், அழுத்தமானி, ஜம்போ ஹவுசிங், அழுத்தமானி, என்.ஆர்.வி. (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு), பால் வால்வு 2, பைபாஸ் திரும்பிச் சேரும் டீ. பைபாஸ் லைனில் பால் வால்வு 3. ஸ்பின்-டவுனுக்கும் ஜம்போவுக்கும் இரு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு). யூனியன் போடாமல் ஒட்டினால் அடுத்த முறை ரம்பம்தான். கேட் வால்வு வேண்டாம். பாதி திறந்திருக்கிறதா முழுதா என்று வெளியே இருந்து தெரியாது, மணல் மாட்டினால் மூடவும் மூடாது.

ஜம்போவில் மடிப்பு வகை 50 மைக்ரான் அல்லது ஸ்பன் 20. வீடு முழுவதற்கும் 5 மைக்ரான் தேவையே இல்லை. ஆர்.ஓ., யூ.வி. கருவிகள் தங்களுக்கு முன்னால் 5 மைக்ரான் கேட்கும். அதை அந்தக் குடிநீர்க் கிளையில் மட்டும் வையுங்கள்.

தண்ணீர் நிறைந்த 20 இஞ்ச் ஜம்போ பத்து கிலோவைத் தாண்டும். குழாயில் தொங்கவிடக் கூடாது. இரும்புத் தாங்கியைச் சுவரில் அடித்து அதில் நிறுத்த வேண்டும், குழாய் தானாக வந்து பொருந்த வேண்டும். குழாயை இழுத்துப் பிடித்து இறுக்கினால் ஹவுசிங் தலையின் மரையில் விரிசல் விழும். கிண்ணத்துக்குக் கீழே 10 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், பக்கெட் வைக்க இடம் இருந்தால் நல்லது.

மரை பிளாஸ்டிக் என்றால் உள்ளே போகும் அடாப்டரும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பித்தளை ஆண் மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முறுக்கினால் உடைவது எப்போதும் பெண் மரைதான். டெஃப்லான் டேப் 5, 6 சுற்று, முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்துக் கடிகாரச் சுற்றில். கையால் இறுக்கி, அதன் பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. அங்கே ஒட்டும் பசையோ உலோக மரைக்கான திரவ லாக்கரோ கூடாது. அவற்றின் ஆவியே ஒளிபுகும் கிண்ணத்தில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். ஒட்டு வேலையை எல்லாம் முடித்து, காய்ந்த பிறகு கடைசியாகக் கிண்ணத்தை மாட்டுங்கள்.

முதல் ஓட்டம் கார்ட்ரிட்ஜ் இல்லாமல். குழாய் அறுத்த தூளும் ஒட்டுக் கட்டிகளும் கொஞ்சமாக வராது. பிறகு கார்ட்ரிட்ஜை வைத்து, பைபாஸ் திறந்திருக்க மோட்டாரைப் போட்டு, வால்வு 1ஐ மெதுவாகத் திறந்து, தலையில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கிக் காற்று போய்த் தண்ணீர் வரும்வரை பிடியுங்கள். வால்வு 2 அடுத்து. பைபாஸைக் கடைசியில், மெதுவாக மூடுங்கள். 1உம் 3உம் ஒரே நேரத்தில் மூடியிருக்க மோட்டார் போடவே கூடாது.

நூறுமைக்ரான் | ஜூன் 6, காலை 9:30

என்.ஆர்.வி. ஃபில்டருக்கு முன்னால் இருக்க வேண்டாமா? மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி வந்து பம்பைத் தாக்கும்.

மோட்டார்ரூம் | ஜூன் 6, காலை 9:50

பம்பிலேயே ஒன்று இருக்கிறது. நான் சொல்வது இரண்டாவது. திரும்பி வரும் தண்ணீர் என்.ஆர்.வி.யில் மோதும்போது அடி விழுவது அதன் மேல்பக்கத்தில். ஃபில்டர் அந்தப் பக்கம் இருந்தால் அடி ஹவுசிங்குக்கு. பி.வி.சி. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சட்டென்று நின்றால் 3 முதல் 4.5 பார் வரை கூடுதல் அழுத்தம் எழும். ஒவ்வொரு தடவை மோட்டார் நிற்கும்போதும் அது நடக்கும். என்.ஆர்.வி.யை ஃபில்டருக்குப் பின்னால் வைத்தால் அடி குழாயோடு போய்விடும். தண்ணீர் தலைகீழாகக் கார்ட்ரிட்ஜில் புகுந்து பிடித்த அழுக்கைப் பின்பக்கம் தள்ளுவதும் இராது.

நூறுமைக்ரான் | ஜூன் 6, காலை 10:15

அடி மேல்பக்கம் என்பது சரிதான். பின்னால் வைப்போம்.

ஓரிங் | ஜூன் 6, பிற்பகல் 1:00

இந்தத் தளத்துல ஒருத்தர் "சரிதான்"னு எழுதியிருக்கார். தேதியக் குறிச்சு வைங்க.

மூன்றாம்மாடி | ஜூன் 7, காலை 8:05

குறுக்கே வருகிறேன். எங்களுக்குக் கீழ்த்தொட்டியிலிருந்து தரை மோட்டார். மோட்டாரில் மண் போகாமல் இருக்க உறிஞ்சும் பக்கத்தில் 50 மைக்ரான் வைக்கலாமா?

மோட்டார்ரூம் | ஜூன் 7, காலை 8:10

கூடாது. உறிஞ்சும் பக்கம் அடைத்தால் தண்ணீருக்குள் ஆவிக் குமிழி உண்டாகி வெடிக்கும், இம்பெல்லரை (பம்பின் சுழல் சக்கரத்தை) அரிக்கும், சரளைக்கல் உருளும் சத்தம் வரும். அங்கே ஃபுட் வால்வின் (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) சல்லடை மட்டும். உறிஞ்சு வாயைத் தொட்டியின் அடித்தரையிலிருந்து 15 செ.மீ. தூக்கி வையுங்கள், மண் வராது.

ஓரிங் | ஜூன் 7, மாலை 6:40

"என் ஃபில்டர் அழுக்கே ஆகலை, தண்ணி அவ்வளவு சுத்தம்"னு சந்தோஷப்படுறவங்களுக்கு. கார்ட்ரிட்ஜ எடுத்து ரெண்டு முனையையும் பாருங்க. ஹவுசிங்கோட வட்ட விளிம்பு அழுந்தின தடம் ரெண்டு பக்கமும் முழு வட்டமா தெரியணும். ஒரு பக்கம் தெரியலன்னா தண்ணி அந்த இடுக்கு வழியாப் போயிட்டிருக்கு, கார்ட்ரிட்ஜுக்கு ஓய்வு. 10 இஞ்ச்னு விக்கிறதுல 248 மி.மீ.யும் இருக்கு, 254 மி.மீ.யும் இருக்கு. நீளத்துக்குச் செஞ்ச ஹவுசிங்ல குட்டையைப் போட்டா இதுதான் நடக்கும். அம்புக்குறிய மாத்தி மாட்டினா இன்னொரு கூத்து: அழுக்கு நடு ஓட்டைக்குள்ள சேரும், வெளிய பளபளன்னு இருக்கும். தண்ணி வெளியிலேர்ந்து உள்ள போகணும்.

புதுக்குழாய் | ஜூன் 8, காலை 7:15

ஸ்பன் கார்ட்ரிட்ஜைக் கழுவித் திரும்பப் போடலாம் என்று விற்பவர் சொல்கிறார்.

அடிக்கசடு | ஜூன் 8, காலை 7:50

ஸ்பன் ஆழத்தில் பிடிக்கிறது, கழுவினால் மேல் தோல் மட்டும் வெளுக்கும். மடிப்பு வகையைக் கழுவலாம். மெதுவான தண்ணீரில், மடிப்பை விரித்து. அதிவேகத் தாரையில் காட்டினால் துளை பெரிதாகி எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகும். துருக் கறைக்கு லிட்டருக்கு 25 கிராம் சிட்ரிக் அமிலம், ஒரு மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். அலசாமல் பிளீச்சிங் கரைசலில் போடக் கூடாது. அமிலமும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு.

கிண்ணத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய 5 சதவீத ஹைப்போகுளோரைட் லிட்டருக்கு 1 மி.லி. போதும், 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பத்து நிமிடம் வைத்து ஊற்றிவிடுங்கள். வண்டல் ஃபில்டர் கிருமியைக் கொல்லாது, ஆறு மாதம் மாற்றாத கார்ட்ரிட்ஜில் கிருமி குடியேறும். நிறம் மாறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மூன்றாம்மாடி | ஜூன் 8, பிற்பகல் 3:30

குழாய் வாய்ச் சல்லடையில் வெள்ளைச் செதிலும் கறுப்புத் துணுக்கும். எந்த மைக்ரான்?

அடிக்கசடு | ஜூன் 8, மாலை 4:00

முதலில் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். வெள்ளையில் வினிகர் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு, பெரும்பாலும் ஹீட்டரிலிருந்து. கறுப்பை விரலால் நசுக்குங்கள். மையாக ஒட்டினால் இற்றுப்போன ரப்பர், வாஷரோ இணைப்புக் குழாயோ. பொடிந்தால் மாங்கனீசாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டினால் பழைய இரும்புக் குழாயின் துரு. நான்கில் மூன்று, மெயின் ஃபில்டருக்குப் பின்னால் உண்டாகிறவை. எந்த மைக்ரானும் உதவாது. கரைந்த உப்பையும் கடினத்தையும் இது தொடாது, டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) மீட்டர் முன்னும் பின்னும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

புதுக்குழாய் | ஜூன் 14, மாலை 5:20

மோட்டார்ரூம் சொன்ன வரிசையில் மாட்டியாயிற்று, மடிப்பு 50 மைக்ரான். மோட்டார் ஓடும்போது முன் மானி 1.3, பின் மானி 1.15. மோட்டார் நின்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இது சரியா? கிண்ணம் இப்போதே கையால் திறக்க வரவில்லை, அதையும் சொல்லுங்கள்.

ஓரிங் | ஜூன் 14, மாலை 6:00

அழுத்தம் உள்ள நிக்குது, அதான் வரல. மோட்டார நிறுத்துங்க, 1, 2 மூடுங்க, ஸ்பின்-டவுனோட அடி வால்வத் திறந்து மானி ரெண்டும் பூஜ்யத்துக்கு வரட்டும். அப்புறம் சாவி போட்டா லேசா வரும். மூடும்போது சாவிய எடுக்காதீங்க, கை இறுக்கமே போதும். ஓரிங்ல (என்னைச் சொல்லல, கிண்ணத்து ரப்பர் வளையத்த) சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா தடவுங்க. வாசலின் வேண்டாம், சில ரப்பர் அதுல ஊதிப்போய் அதோட பள்ளத்துக்குள்ள உக்காராது. பள்ளத்துல ஒரு மணல் பொடி இருந்தாலும் சொட்டும், துடைச்சிட்டு வைங்க.

மோட்டார்ரூம் | ஜூன் 14, இரவு 7:35

மானியை எப்போதும் ஓட்டத்தில்தான் படிக்க வேண்டும். நின்ற தண்ணீரில் அடைத்த ஃபில்டரும் அடைக்காத ஃபில்டரும் ஒரே எண்ணைக் காட்டும். புதிய நிலையில் வித்தியாசம் 0.15, ஹவுசிங் மேல் தேதியோடு எழுதி வையுங்கள். 0.5ஐத் தொட்டதும் கழுவுங்கள். உறையில் சொன்ன 0.7 கூடி 0.85 ஆகும் வரை உங்கள் பம்பில் காத்திருந்தால் தொட்டி நிரம்பும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி நீளும், மின்சாரம்தான் வீண். தொட்டிக்குக் கீழே இருந்த ஸ்லிம் ஹவுசிங்கைக் குடிநீர்க் கிளைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஹீட்டருக்குப் பின்னால் மட்டும் மாட்ட வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் குளிர்ந்த தண்ணீருக்கானது. ஹீட்டருக்கு முன்னால் மாட்டினாலும் நடுவில் ஒரு என்.ஆர்.வி. வேண்டும், சூடேறி விரியும் தண்ணீர் பின்னோக்கி வந்து கிண்ணத்தை வளைக்கும்.